சிந்திய ரத்தத்தைத் திரும்ப ஏற்றுதல்

இருதயத்தைத் திறந்து செய்யும் சஸ்திர சிகிச்சையில், கத்தியைப் பிடிப்பவரையும் மயக்க மருந்து கொடுப்பவரையும் அறிந்திருக்கும் வெளியுலகம், அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய யந்திரத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, குழாய்களையும் அளவுமானிகளையும் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கும் மூன்றாவது மனிதரை அறிந்திருக்க அதிகமாக நியாயமில்லை. பெர்ஃபியூஷனிஸ்ட் என்று எங்களுக்குப் பெயர். இருதயமும் நுரையீரலும் ஓய்ந்திருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு, அவ்விரண்டும் செய்ய வேண்டிய வேலையை யந்திரத்தின் மூலம் நடத்திக் கொடுப்பது எங்கள் தொழில். 1953-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, பிலடெல்பியா நகரத்தில் டாக்டர் ஜான் கிப்பன், இருதயத்தின் மேலறைச் சுவரில் பிறவியிலேயே துவாரம் இருந்த 18 வயதுப் பெண் ஒருத்தியை 26 நிமிஷ நேரம் இத்தகைய யந்திரத்தின் ஆதரவில் வைத்திருந்து, துவாரத்தை மூடி, அவளைப் பிழைக்கச் செய்தார். எங்கள் தொழிலின் வம்சாவளி அந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பெரிய யந்திரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதற்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த வண்டியில், பார்வைக்கு எளிமையாக நிற்கும் சிறிய யந்திரம் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. ‘செல் சேவர்’ என்று நாங்கள் அழைக்கும் அந்த யந்திரம், நோயாளியின் மார்புக் குழியில் சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, கழுவி, சிவப்பணுக்களைப் பிரித்து, அவருக்கே திரும்பக் கொடுப்பதற்கு உதவுகிறது. என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியை இதன் அருகில் கழித்தவன் என்ற முறையில், இதன் உபகாரத்தையும், அந்த உபகாரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அபாயத்தையும் எழுதி வைப்பது கடமை என்று தோன்றுகிறது.

உபகாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் இருதய வால்வு கெட்டுப்போய் சிகிச்சைக்கு வருகிறவர்களில் கணிசமானோர், சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியினால் மூட்டு வாத ஜுரம் கண்டு, அதன் பின்விளைவாக மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கியவர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் பெற்று, படியேற மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு எங்களிடம் வருகிற ஏழைப் பெண்களின் ரத்தம், பல சமயங்களில் சோகையினால் முன்கூட்டியே வெளுத்துப் போயிருக்கும். அவர்களுக்காக நாலு யூனிட், ஆறு யூனிட் என்று ரத்த வங்கியில் ஏற்பாடு செய்வதற்கு, ஊரிலிருந்து கூட வந்த அண்ணனும் கொழுந்தனும் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர்களையும் கல்லூரி மாணவர்களையும் கேட்டுக்கொண்டு நிற்பதை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. பிறருடைய ரத்தத்தில் ஒவ்வாமை உண்டு. பரிசோதனைக்குத் தப்பி வரும் தொற்று நோய் உண்டு. வகை மாறிப் போகும் விபரீதமும் உண்டு. இத்தனைக்கும் நடுவில், அந்த நோயாளியின் மார்பிலிருந்தே சிந்தும் ரத்தத்தை வீணாக்காமல் அவருக்கே திருப்பிக் கொடுக்க முடியும் என்றால், அதைவிடச் சிறந்த தானம் வேறு என்ன இருக்க முடியும்?

யந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்ஜனின் கையில் உள்ள உறிஞ்சு குழாயின் நுனியிலேயே ஹெபாரின் கலந்த உப்பு நீர் சொட்டுச் சொட்டாக வந்து ரத்தத்துடன் சேரும். ஒரு லிட்டர் உப்பு நீருக்கு 30,000 யூனிட் ஹெபாரின் என்பது வழக்கமான கணக்கு. உறையாமல் வந்த ரத்தம், வடிகட்டி பொருத்திய ரிசர்வாயரில் சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும், 225 மில்லி கொள்ளும் கூம்பு வடிவமான பௌல் ஒன்றுக்குள் அது செலுத்தப்படுகிறது. அமெரிக்காவில் ஜாக் லேதம் என்பவர் வடிவமைத்ததால் அவர் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறோம். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5,600 சுற்று வேகத்தில் பௌல் சுழலும்போது, கனமான சிவப்பணுக்கள் சுவரோடு ஒட்டி நிற்க, இலேசான பிளாஸ்மா மேலே வழிந்து கழிவுப் பைக்குப் போகிறது. பிறகு உப்பு நீர் உள்ளே பாய்ந்து சிவப்பணுப் படலத்தை ஊடுருவிக் கழுவும். கழிவுக் குழாயில் முதலில் கறுஞ்சிவப்பாக ஓடுவது, சற்று நேரத்தில் ரோஜா நிறமாகி, பின்னர் வெளுத்து, கடைசியில் குழாய்க்குப் பின்னால் பிடித்த காகிதத்தின் எழுத்தைப் படிக்கும்படித் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே ரத்தத்தைப் பைக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குக் கற்பித்தவரின் கட்டளை. உடைந்த அணுக்களிலிருந்து கசிந்த ஹீமோகுளோபின், பொட்டாசியம், ஹெபாரின், கொழுப்புத் துளிகளில் பெரும்பகுதி எல்லாம் போய்விடுகின்றன.

அவ்வளவு தெளிவாகக் கழிவு நீர் ஓடுவதைக் கண்ணாரக் கண்ட பிறகு, பையில் இருப்பது பரிசுத்தமான ரத்தம் என்ற நம்பிக்கை யாருக்கும் எளிதில் ஏற்பட்டுவிடும். எங்கள் தியேட்டரிலும் அப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பரீட்சைக்கு உட்படுத்தியவர், நுண்ணுயிரியல் பிரிவின் தலைவியாக இருந்த ஓர் அம்மையார். ரிசர்வாயரிலிருந்து கொஞ்சம், கழுவி முடித்த பையிலிருந்து கொஞ்சம் என்று ரத்தத்தை எடுத்துத் தம்மிடம் அனுப்பும்படி அவர் கேட்டபோது, சீனியர் சர்ஜன், “கழுவின ரத்தத்துல என்னம்மா இருக்கப் போகுது?” என்றார். அம்மையார், “இல்லேன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் நிம்மதிதானே சார்” என்று மட்டும் பதில் சொன்னார்.

சில நாட்கள் கழித்து என்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்து, கிருமி வளர்க்கும் தட்டுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரத்தம் கலந்த அகார் பரப்பின் மீது, குண்டூசித் தலையளவில், வெண்மையாக, ஓரம் பிசிறில்லாமல், மினுமினுப்பாக எழுந்து நின்ற சிறு சிறு மேடுகளை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். அவற்றில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டார். உடனே நுரை பொங்கியது. இன்னொரு சோதனையில் பிளாஸ்மா உறையாமல் நீர்த்தே நின்றது. “உங்க தோல்லயும் என் தோல்லயும் இருக்கிற ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வகைதான் இது. ரிசர்வாயர்ல இருந்ததைவிடப் பையில குறைச்சல், ஆனா இல்லாமப் போகல” என்றார். பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இதே சோதனையைச் செய்து இதே முடிவைக் கண்டிருக்கிறார்கள் என்பதை அவர் கொடுத்த சஞ்சிகைகளிலிருந்து பின்னர் அறிந்துகொண்டேன். இருதய சிகிச்சையின்போது மீட்கப்படும் ரத்தத்தில் கிருமி காணப்படுவது அபூர்வம் அன்று. காணப்படுபவை பெரும்பாலும் தோலில் வாழும் இனங்கள். அந்த ரத்தத்தைப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அதனால் எந்தக் கெடுதலும் அடைவதில்லை.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதே அதன் பிறகு என் சிந்தனையாக இருந்தது. தோலுக்கு எவ்வளவு மருந்து தடவினாலும், ரோமக் கால்களின் ஆழத்தில் குடியிருப்பவை முழுதும் அழிவதில்லை. வெட்டிய ஓரத்திலிருந்து அவை மெல்ல வெளியே வருகின்றன. நடமாடும் மனிதர் ஒவ்வொருவரும் நிமிஷந்தோறும் ஆயிரக்கணக்கான தோல் துகள்களை உதிர்க்கிறோம். அவற்றில் சில கிருமிகளைச் சுமந்து காற்றில் மிதக்கின்றன. நோயாளியின் உடல் சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் எங்கள் பெரிய யந்திரத்தோடு இணைத்திருக்கும் தண்ணீர்ப் பெட்டியிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகளில், மைக்கோபாக்டீரியம் கிமேரா என்னும் கிருமி பரவி, ஆபரேஷன் முடிந்து மாதங்களோ வருஷங்களோ கழித்து நோயாக வெளிப்பட்டதை ஐரோப்பியரும் அமெரிக்கரும் கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் கண்டுபிடித்து உலகத்தை எச்சரித்தது, தியேட்டரின் காற்று எவ்வளவு பொறுப்புடன் பாதுகாக்கப்பட வேண்டியது என்பதற்கு ஒரு தனிச் சாட்சி.

ஆனால் மீட்கும் ரத்தத்தைப் பொறுத்தவரையில், உறிஞ்சு குழாயே பிரதானமான வாசல். சர்ஜன் அதைக் காயத்திலிருந்து எடுத்துத் துணியின் மேல் வைத்துவிட்டு வேறு வேலையில் ஈடுபட்டிருக்கும்போதும், அது ‘உஸ்’ என்ற ஓசையுடன் தியேட்டர் காற்றை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காற்றோடு வருகிறதெல்லாம் ரிசர்வாயரில் படிகிறது. ரத்தத்தில் ஊறிய மாப் துணிகளை உப்பு நீரில் அலசிப் பிழிந்து, அந்த நீரையும் உறிஞ்சிக்கொள்வது சிக்கனமான நல்ல வழக்கந்தான். எனினும் தோலின் ஓரத்தைத் துடைத்த மாப் ஒன்று அந்தக் கிண்ணத்தில் விழுந்துவிட்டால், சிக்கனம் அங்கே தீமையாகிவிடுகிறது. அந்த அம்மையாரின் தட்டுக்களைப் பார்த்த நாளிலிருந்து, குழாய் சும்மா கிடக்கும்போதெல்லாம் அதற்குக் கிளாம்ப் போடும்படி ஸ்க்ரப் சிஸ்டரைக் கேட்டுக்கொள்வது என் நித்திய கர்மமாகிவிட்டது. ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவர்களும், அந்த ‘உஸ்’ ஓசை கேட்டால் தாமாகவே கைநீட்டி மூடும் நிலைக்கு வந்தார்கள்.

கழுவுதல் ஏன் கிருமியை முழுதும் நீக்குவதில்லை என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சுழற்சி, பொருள்களை அவற்றின் கனத்தைக் கொண்டுதான் பிரிக்கிறது. கிருமிகளில் பல அணுக்களோடு ஒட்டிக்கொண்டும், அவற்றின் நடுவே சிக்கிக்கொண்டும் பௌலிலேயே தங்கிவிடுகின்றன. வடிகட்டியை நம்பலாமா என்றால், சிவப்பணுவின் விட்டமோ ஏழெட்டு மைக்ரான், ஸ்டஃபிலோகாக்கஸோ ஏறத்தாழ ஒரு மைக்ரான். நாங்கள் உபயோகிக்கும் 40 மைக்ரான் வடிகட்டி, மீன் பிடிக்கும் வலையைக் கொண்டு மணலை அள்ளுவதற்குச் சமானம். வெள்ளணுக்களைத் தடுக்கும் பிரத்யேக வடிகட்டி கிருமிகளையும் ஓரளவு தடுக்கிறது. முழுதும் தடுக்கிறது என்று சொல்வதற்கில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அதிகம் பேருக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. தோலைக் கீறுவதற்கு ஒரு மணி நேரத்துக்குள்ளாக அனஸ்தீஸியா டாக்டர் செஃபசோலின் போன்ற கிருமிநாசினி மருந்தை நோயாளிக்கு ஊசி மூலம் கொடுத்திருப்பார். அந்த மருந்து இருப்பது பிளாஸ்மாவில். நாமோ பிளாஸ்மாவைக் கழிவுப் பைக்கு அனுப்பிவிடுகிறோம். ஆகவே கழுவி எடுத்த பையில், எஞ்சிய கிருமி இருக்கிறது; அதை அடக்க வேண்டிய மருந்தோ போய்விட்டது.

அப்படியிருந்தும் பெரும்பாலோருக்குத் தீங்கு நேராமல் இருப்பதற்குக் காரணம், ஏற்றும் கிருமிகளின் தொகை சொற்பமாக இருப்பதும், நோயாளியின் உடம்பில் மருந்தும் வெள்ளணுக்களும் ஈரலும் மண்ணீரலும் அவற்றை எதிர்கொள்ளக் காத்திருப்பதுமே. ஆனால் வால்வு மாற்றும் நோயாளியின் நிலைமை வேறு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் உருவாக்கி 1990-இல் முதன்முதலாக மனித இருதயத்தில் பொருத்திய சித்ரா வால்வானாலும், அயல்நாட்டு வால்வானாலும், அதைச் சுற்றித் தைக்கும் துணி வளையம் உயிரற்ற பொருள். தோலில் சாதுவாக வாழ்ந்த அதே ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், உயிரற்ற பரப்பு ஒன்று கிடைத்துவிட்டால், பிசின் போன்ற படலத்தைச் சுரந்து, அதற்குள் மருந்தும் வெள்ளணுவும் எளிதில் அணுகாதபடி குடியேறிவிடுகிறது. வால்வு பொருத்திய முதல் வருஷத்துக்குள் அதில் காணும் தொற்றுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தக் கிருமியே. அந்த நோய் கண்டவர்களைப் பிழைக்க வைப்பது மகா கஷ்டம். ஒரு குறிப்பிட்ட நோயாளியின் தொற்று மீட்ட ரத்தத்திலிருந்துதான் வந்தது என்று நிரூபிப்பதும் சாத்தியமில்லை. தோல், காற்று, கழுத்துச் சிரையில் செருகிய குழாய் என்று வேறு பாதைகள் பல இருக்கின்றன. நிரூபிக்க முடியாத அபாயத்தை அலட்சியம் செய்வது சுலபம். அதனாலேயே இதில் அதிக ஜாக்கிரதை வேண்டும் என்கிறேன்.

ஜாக்கிரதை என்பது எங்கள் தொழிலில் காலத்தைக் குறித்தது. கழுவி முடித்த ரத்தத்தை அறையின் சூட்டில் வைத்திருந்தால் நாலு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது விதி. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும் கிருமி ஒன்று, தடையில்லாமல் பெருகுவதாக வைத்துக்கொண்டால், நாலு மணி நேரத்தில் 4,096 ஆகும். ஆறு மணி நேரத்தில் 2,62,144 ஆகும். உப்பு நீரில், குளிரூட்டிய அறையில், எல்லாக் கிருமியும் அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை. புதிய இடத்தில் பெருகத் தொடங்குவதற்கே அவற்றுக்குச் சில மணி நேரம் தேவைப்படுகிறது. ஆனால் விதியை எழுதுகிறவர்கள், மந்தமான கிருமியை மனத்தில் வைத்து எழுத முடியாது.

ஒரு நாள் மாலை, மைட்ரல் வால்வு மாற்றிய ஒரு பெண்ணைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியபோது, மீட்ட ரத்தப் பை ஒன்று ஏற்றப்படாமல் கூடவே போயிருந்தது. பெரிய யந்திரத்தின் ஆதரவிலிருந்து வெளிவந்ததும் இருதயம் போதிய அளவு நிரம்பியிருந்ததால், ரத்தத்தைச் சற்றுப் பொறுத்து ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெகு நேரம் கழித்து ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று செய்தி வர, பணியிலிருந்த சிஸ்டர் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு, ஏற்றலாமா என்று கேட்க என்னைக் கூப்பிட்டனுப்பினார். பையின் மேல் நானே எழுதி ஒட்டியிருந்த சீட்டில், கழுவி முடித்த நேரம் பகல் ஒன்று பத்து. சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி தாண்டியிருந்தது. ஏற்றக்கூடாது என்று சொன்னேன்.

“இது அவங்க சொந்த ரத்தந்தானே சார், என்ன ஆயிடப் போகுது? வெளியில இருந்து ரத்தம் வாங்க அந்த வீட்டுக்காரர் எவ்வளவு அலைஞ்சார்னு உங்களுக்கே தெரியும்” என்றார் சிஸ்டர். அவர் சொன்னதில் இருந்த கருணையை நான் மதித்தேன். “சொந்த ரத்தந்தான் சிஸ்டர், ஆனா அதுல வளர்றது சொந்தம் இல்லையே” என்று சொல்லி, பையை இறக்கி, சீட்டில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, சர்ஜனுக்கும் தெரிவித்துவிட்டு, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ரத்த வங்கியின் குளிர்பெட்டியிலிருந்து ஒரு யூனிட் வரவழைத்து அந்தப் பெண்ணுக்கு ஏற்றினார்கள். நான் இறக்கிய பையில் கிருமி எதுவும் வளரவில்லை என்று பிறகு தெரிந்தது. இளம் உதவியாளர் ஒருவர், அப்படியானால் அன்று ஒரு பை நல்ல ரத்தம் வீணாயிற்று என்று வருந்தியபோது, அம்மையார் அவரிடம், “அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பையில ஒண்ணும் இல்லேன்னு யாருக்குத் தெரியும்? தெரியாத நேரத்துல எதைச் செய்யணும்னு சொல்றதுக்குத்தான் விதி” என்று விளக்கினார். பல வருஷங்களாக நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை, அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

காலத்துக்கு அடுத்தபடியாக விதிக்கப்பட்டிருப்பது, எதை உறிஞ்சலாம், எதை உறிஞ்சலாகாது என்பது. காயத்தைப் பொவிடோன் அயோடின் கொண்டு கழுவும்போதும், நேரடியாகக் காயத்தில் இடுவதற்குத் தகுதியான, ரத்தத்தில் கலக்கத் தகாத மருந்து நீரை ஊற்றும்போதும், ரத்தக் கசிவை நிறுத்தக் கொலாஜன் தூளோ பசையோ இடும்போதும், எங்கள் குழாயை எடுத்துவிட்டுச் சுவரில் உள்ள சாதாரண உறிஞ்சு குழாயைத்தான் உபயோகிக்க வேண்டும். வால்விலேயே கிருமிக் கட்டு வளர்ந்து, அதை அகற்றுவதற்காகவே நெஞ்சைத் திறக்கிற சந்தர்ப்பத்தில், சீழும் அழுகலும் நீக்கப்பட்டு இடம் நன்றாக அலசப்படும் வரையில் அங்கிருந்து ஒரு துளியையும் எங்கள் ரிசர்வாயருக்குள் அநுமதிப்பதில்லை. சிகிச்சை முடிந்த பிறகு நெஞ்சின் வடிகுழாய்களில் சேரும் ரத்தத்தைக் கழுவாமலே திரும்ப ஏற்றும் வழக்கம் ஒரு காலத்தில் பல நாடுகளில் இருந்தது. மணிக்கணக்காக வார்டில் தேங்கும் அந்த ரத்தத்தில் கிருமிக்கும் இடமுண்டு, உறையும் தன்மையைக் குலைக்கும் பொருள்களும் உண்டு என்பது தெளிவான பின் அது பெரிதும் கைவிடப்பட்டது.

இவை யாவும் ஒருவர் மட்டும் அநுஷ்டிக்கக் கூடிய நியமங்கள் அல்ல. அயோடின் ஊற்றப் போவதை சர்ஜன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிளாம்ப் போட வேண்டியவர் ஸ்க்ரப் சிஸ்டர். பை ஏற்றப்பட்ட நேரத்தைக் குறிக்க வேண்டியவர் அனஸ்தீஸியா டாக்டர். இவர்களுக்கெல்லாம் வயதிலும் பதவியிலும் இளையவராக இருக்கக்கூடிய பெர்ஃபியூஷனிஸ்ட், “சார், சக்‌ஷனை மாத்திக்கிறேன், ஒரு நிமிஷம்” என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தையும், அதைச் சொன்னதற்காகக் கோபிக்காத பெருந்தன்மை மூத்தவர்களுக்கு இருக்கும் சூழ்நிலையையும் ஓர் ஆஸ்பத்திரி வளர்த்துக்கொள்ளாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த யந்திரமும் நோயாளிக்கு அரைப் பாதுகாப்புத்தான் தரும். விலை என்கிற காரணத்தினாலேயே ஒரு தரம் உபயோகித்து எறிய வேண்டிய குழாய்களை நீடித்து உபயோகிக்கத் தூண்டுதல் எழுவதும் உண்டு. அதற்கு மாற்று வழி இருக்கிறது: முதலில் ரிசர்வாயரையும் உறிஞ்சு குழாயையும் மட்டும் திறந்து ரத்தத்தைச் சேகரித்து, கழுவத் தகுந்த அளவு சேர்ந்தால் மட்டுமே பௌல் உள்ள உறையைப் பிரிப்பது. இதனால் மீதமாகும் பணம் நேர்மையான மீதம்.

இருதய சிகிச்சைப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: குறிப்பிட்ட கால இடைவெளியில், எந்த நோயாளிக்கும் காய்ச்சல் வராமல் எல்லாம் சுமுகமாக இருக்கிற நாட்களிலும், கழுவிய பைகளிலிருந்து ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்த முடிவுகளை நுண்ணுயிரியல் டாக்டரும் சர்ஜனும் பெர்ஃபியூஷனிஸ்டும் சிஸ்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படியுங்கள். தட்டில் வளர்ந்த கிருமியின் இனத்தைப் பார்த்தால் அது வந்த வழியை ஊகிக்கலாம். தோலின் கிருமியானால் கைகளையும் மாப்களையும் காற்றையும், தண்ணீரில் வாழும் கிராம்-நெகட்டிவ் இனமானால் தண்ணீர்ப் பெட்டியையும் உப்பு நீரையும் ஆராய வேண்டும். எங்கள் தியேட்டரில் அம்மையார் தொடங்கி வைத்த அந்தக் கூட்டம், அவர் ஓய்வு பெற்ற பிறகும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை யந்திரத்தின் முன்னால் உட்கார வைப்பதற்கு முன், அந்த மேஜைக்குத்தான் முதலில் அழைத்துச் செல்கிறோம்.